பிரேக் இல்லாத விண்கலம்

போன மாதம் என்னை உங்கள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, நீங்கள் செய்துகொண்டிருக்கும் விண்வெளிச் சண்டை விளையாட்டைப் போட்டுக் காட்டினீர்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டு, "எப்படி இருக்கு சார், ரியலா இருக்கா?" என்று கேட்டீர்கள். "காபி நல்லா இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. பதில் நீளமானது, எனக்கோ சேலம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது. ஆகவே இப்போது எழுதி அனுப்புகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் முதலில் படியுங்கள். பழைய ஆட்கள் எப்படியும் என் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

நீங்கள் எதிர்பார்க்கும் திட்டுகளை முதலில் கொடுத்துத் தீர்த்துவிடுகிறேன். விண்வெளியில் காற்று கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. உங்கள் விளையாட்டில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிடித்துக்கொள்ளக் காற்றே இல்லாத இடத்தில் உங்கள் கலம் பருந்து மாதிரி சாய்ந்து வட்டமடிக்கிறது. லேசர் கற்றை பச்சையாகவும் சிவப்பாகவும் பாய்கிறது. பட்டுத் தெறிக்கத் தூசியோ புகையோ இல்லாத இடத்தில் அது பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? எதிரிக் கலம் ஜன்னலுக்கு வெளியே முந்திப்போகிற டவுன் பஸ் மாதிரி போகிறது. நிஜத்தில் அது புள்ளியாகக்கூடத் தெரியாத தூரத்தில் இருக்கும். ஒளி வந்துசேர நேரம் பிடிப்பதால், நீங்கள் பார்ப்பதும் அது கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்த இடத்தைத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் கலத்தில் இன்ஜினை நிறுத்தினால் கலம் நின்றுவிடுகிறது. அட சாமி! நிற்காது. போய்க்கொண்டே இருக்கும். குறி தவறிய குண்டும் அப்படித்தான், யார் மேலாவது படுகிறவரைக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். உங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் மாற்றியிருக்கிறீர்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சத்தம் வேண்டுமானால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தமில்லாத சண்டைக்கு விசில் அடிக்கிற ஜனத்தை நானும் இதுவரை பார்த்ததில்லை.

என் புகார் வேறு. உங்கள் விமானிகள் ஒருத்தருக்கும் பயம் இல்லை. நினைத்த நேரத்தில் திரும்புகிறார்கள், நினைத்த நேரத்தில் நிற்கிறார்கள். நிஜமாகவே விண்வெளியில் சண்டை என்று ஒன்று நடந்தால், முடிவெடுக்கிற நேரம் வெகு முன்னாலேயே போய்விட்டிருக்கும். அதற்கப்புறம் உள்ளே இருப்பவன், தான் எதன்மேல் போய் விழப்போகிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உனக்கு எப்படித் தெரியும் கிழவா என்று கேட்பீர்கள். நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ஒரு காய்ந்த ஏரியில்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிசிக்ஸ் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சேலத்தைச் சுற்றிக்கொண்டிருந்த நான், சினிமாவில் தந்திரக் காட்சி செய்கிற ஒருவரிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் இங்கே வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. வெடி வைப்பது, நெருப்பு மூட்டுவது, பொம்மை ரயிலைக் கவிழ்ப்பது எல்லாம் அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். வெடி வெடிக்கும்போது நாங்கள் எல்லோரும் நெருப்பைப் பார்ப்போம், அவர் மட்டும் சுற்றி நிற்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நெருப்பு என் பேச்சக் கேக்கும். ஆளுங்கதான் கேக்கமாட்டாங்க" என்பார்.

மெட்ராசிலிருந்து ஒரு சின்னக் கம்பெனி, விண்வெளிப் போர் பற்றித் தமிழில் படம் எடுக்கிறேன் என்று கிளம்பி வந்தது. வெள்ளைப் பாறையும் முள்ளுமாகக் கிடந்த எங்கள் பக்கத்துக் குன்று ஒன்று (கரடு என்போம்) டைரக்டர் கண்ணுக்கு வேற்றுக் கிரகமாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் கரட்டில் ஆடு மேய்த்தவர்களுக்கு அது ஒரு பெரிய செய்தி.

விண்கலம் எங்கே கட்டப்பட்டது தெரியுமா? நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில். அங்கமுத்து என்று ஒரு டிரைவர். சொந்த லாரி வைத்திருந்தார், கரட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய லாரியின் பாடியைக் கழற்றிவிட்டு, அதே சட்டத்தின்மேல் பலகையும் தகரமுமாகக் கலத்தைக் கட்டினார்கள். கட்டி முடித்த அன்று பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முகப்பில் திருஷ்டிப் பொம்மையும் தொங்கவிட்டார்கள். டைரக்டர் குதித்தார். "ராக்கெட்டா இருந்தா என்னங்க, சக்கரம் இருக்குதல்லோ" என்றார் பட்டறைக்காரர். பெயின்டர் பழக்கதோஷத்தில் கலத்தின் பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவைத்திருந்தார். விண்வெளியில் ஒலி எழுப்ப முடியாது என்று நான் சொல்லி அதை அழிக்கவைத்தேன். அந்த ஒரு விஷயத்தில்தான் அந்தப் படத்தில் அறிவியல் ஜெயித்தது.

இடத்தைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், அது முக்கியம். கரட்டுச் சரிவிலிருந்து ஒரு மண் பாதை நேராக ஏரிக்குள் இறங்குகிறது. கோடைக்காலம். ஏரியில் பொட்டுத் தண்ணீர் இல்லை, தரை காய்ந்து தார் ரோடு மாதிரி கெட்டியாகக் கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், எதிரே, உயரமான ஏரிக்கரை. படப்பிடிப்பு பார்க்க வந்த ஜனம் முழுக்க அந்தக் கரைச் சரிவில்தான் உட்கார்ந்திருந்தது. பொரி, கடலை, முறுக்கு என்று ஒரு திருவிழாவே அங்கே நடந்துகொண்டிருந்தது. கரையின் அடிவாரத்தில் கயிறு கட்டியிருந்தோம், யாரும் மதிக்கவில்லை.

எடுக்கவேண்டிய காட்சி இதுதான். கலம் சரிவில் இறங்கி வரும். ஏரிக்குள் அது திரும்பி ஓரமாய்ப் போகும்போது, எதிரியின் குண்டுகள் விழுவதுபோல் தரையில் வரிசையாக வெடிக்கும். மாஸ்டர் கரைக்கு முன்னால், வலமிருந்து இடமாக, ஒரு நீள வரிசையில் குழிகள் தோண்டி மருந்து புதைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர், ஒரு பொத்தான். பொத்தான் பலகையை வைத்துக்கொண்டு ஏரியின் ஓரமாய் உட்கார்ந்திருந்தார்.

கலத்துக்குள் நாங்கள் மூன்று பேர். அங்கமுத்து ஓட்டும் இடத்தில். முன்பக்கம் முழுக்கத் தகரம் அடைத்திருந்ததால் அவருக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு சந்துதான். பக்கத்தில் நான். வால் புகையைத் திறந்துவிடுவதும், பக்கவாட்டில், முன்னால் பார்க்கும்படி சாய்வாக வெட்டியிருந்த சின்ன ஓட்டை வழியாக வெளியே பார்த்து அங்கமுத்துவுக்கு வழி சொல்வதும் என் வேலை. எங்கள் தலைக்குமேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், கதாநாயகனுக்குப் பதிலாக ரத்தினம் என்ற சண்டைக்காரர். விழுந்துவிடக்கூடாது என்று அவரைப் பலகையோடு பெல்ட் போட்டுக் கட்டியிருந்தோம். கதவுகளை வெளியிலிருந்து தகரம் போட்டு மூடியாகிவிட்டது. நினைத்தால் குதிக்க முடியாது.

முதல் ஒத்திகையில் டைரக்டருக்குத் திருப்தியில்லை. இன்ஜின் அதிர்வில் ரத்தினத்தின் கண்ணாடிக் கூண்டு ஆடியது. "விண்கலம் காய்கறி வண்டி மாதிரி குலுங்குது" என்று கத்தினார். இன்ஜினை நிறுத்திவிட்டு, சரிவில் தானாக இறங்கவிடலாம் என்று யோசனை வந்தது. அறிவியல்படியும் அதுதான் சரி, இன்ஜின் நின்றாலும் கலம் போகும். அங்கமுத்துவும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

"நூட்டர் போட்டு உட்டா சத்தமில்லாம பொட்டாட்ட போயிருமுங்க. தெனமும் பண்றதுதானுங்களே."

உண்மைதான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்கள் இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். டீசல் மிச்சம். அதில் ஒரு பெருமையும் உண்டு. தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் அந்தக் காலத்து லாரியில் இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம். நிறுத்தியபிறகு, மிச்சமிருக்கும் பலத்தில் இரண்டு மூன்று மிதி நன்றாகப் பிடிக்கும். அதற்கப்புறம் மிதி கல்லாகிவிடும். அங்கமுத்துவுக்கு அது தெரியாமல் இல்லை. இரண்டு மிதிக்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

அன்றைக்கு என்ன ஆனது? சரிவின் உச்சியில் இன்ஜினை நிறுத்தியாகிவிட்டது. காமிராக்காரர், "ரெண்டடி முன்னால விடுங்க" என்றார். அங்கமுத்து வண்டியை உருளவிட்டு மிதித்தார். "இன்னும் ஓரடி." உருளவிட்டு மிதித்தார். "கூண்டுல வெயில் அடிக்குது, கொஞ்சூண்டு முன்னால." மறுபடியும். "போதும், போதும்!" மறுபடியும் ஒரு மிதி. அப்புறம் கல்லை வைத்து நிறுத்தினோம். காமிராக்காரர் அவர் வேலையைச் சரியாகச் செய்தார், அங்கமுத்து அவர் வேலையைச் சரியாகச் செய்தார். விளக்குக்காரரும் சரியாகத்தான் செய்தார். கலத்தில் மினுக்கும் விளக்குகளுக்காக லாரியின் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோயிருந்தார். அதாவது ஹாரன் கிடையாது, இன்ஜினைத் திரும்ப உசுப்பவும் முடியாது. விபத்து என்றால் எவனோ ஒருத்தன் தூங்கிவிட்டான் என்று நினைக்கிறீர்களே, அன்றைக்கு எல்லோரும் முழித்துக்கொண்டுதான் இருந்தோம்.

கல்லை எடுத்தார்கள். "ஆக்‌ஷன்!"

கலம் இறங்கியது. எவ்வளவு அழகாக இறங்கியது தெரியுமா! ஒரு சத்தம் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. நான் வால் புகையைத் திறந்துவிட்டேன். தலைக்குமேலே ரத்தினம் கட்டைத் துப்பாக்கியை நீட்டி வசனம் பேச ஆரம்பித்துவிட்டார். பாதிச் சரிவு வரும்போது அங்கமுத்து வேகத்தைக் குறைக்க மிதித்தார். மிதி இறங்கவில்லை. இன்னொரு முறை, எழுந்து நின்று, உடம்பு பாரம் முழுக்கப் போட்டு மிதித்தார்.

"சாமி, புடிக்கல."

"என்னது?"

"பிரேக்கு புடிக்கலீங்க!"

ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அந்த லாரிகளின் ஹேண்ட் பிரேக் நிற்கிற வண்டியைப் பிடிக்கும், ஓடுகிற வண்டியைப் பிடிக்காது. கியரைப் போடப் பார்த்தார். கரகரவென்று பல்லைக் கடித்தது, விழவில்லை. உள்ளே கலம் சாயாமலிருக்க அடுக்கியிருந்த மணல் மூட்டைகள் வேறு, எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தன.

ஏரிக்குள் இறங்கிவிட்டோம். இறங்கியதும் திரும்பவேண்டும் என்பதுதானே ஏற்பாடு? மெதுவாக வந்தால் திரும்பலாம். இந்த வேகத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால், அவ்வளவு உயரத்துக்குக் கட்டிய கலம் பக்கவாட்டில் கவிழும். கவிழ்ந்தால் முதலில் தரையில் மோதுவது ரத்தினத்தின் கூண்டு. அடுத்தது நாங்கள், தகரமும் பலகையும் மணல் மூட்டையும் மேலே. ஒடிக்காமல் நேராகப் போனால் எங்களை நிறுத்த ஒன்றே ஒன்று இருந்தது, எதிரே இருந்த கரை. அதன் சரிவில் ஏறினால் வேகம் செத்து வண்டி நிற்கும். ஆனால் அந்தச் சரிவு முழுக்க ஜனம்.

அங்கமுத்துவின் பெண்டாட்டி பாவாயியும், இடுப்பில் இருக்கிற அவருடைய பெண் குழந்தையும் அங்கேதான் இருந்தார்கள். காலையில் வந்து எங்களுக்கெல்லாம் மோர் கொடுத்துவிட்டுப் போய், கரையின் நடுவில், முன்வரிசையில், "எங்கூட்டு லாரி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவர் அவர்.

உதவி டைரக்டர் ஒலிபெருக்கியில் "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினார். காலையிலிருந்து துணை நடிகர்களைப் பார்த்து அதே ஒலிபெருக்கியில் அதே வார்த்தையைத்தான் கத்திக்கொண்டிருந்தார். ஜனம் கைதட்டியது. நான் ஓட்டை வழியாக வாயை வைத்து அலறினேன். எங்களுக்குமேலே ரத்தினம் என்னைவிடச் சத்தமாக எதிரிகளைத் திட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடியிருந்தால் அந்த உறுமலைக் கேட்டாவது எழுந்திருப்பார்கள். புகை விட்டுக்கொண்டு, விளக்கு மினுக்கிக்கொண்டு, பூனை மாதிரி வருகிற ஒரு கலத்தைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? சத்தமில்லாமல் வருவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பாவாயியும் எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார், குழந்தையின் கையைப் பிடித்து எங்களை நோக்கி ஆட்டிக்காட்டினார். பக்கத்தில் சில பெண்கள் பயந்து எழுந்தபோது, "உக்காருங்கக்கா, எங்கூட்டுக்காரரு நிறுத்திருவாரு" என்று அவர்களையும் உட்காரவைத்தாராம். அப்புறம் தெரிந்துகொண்டது இது. அங்கமுத்துவின் சந்துக்குள் அந்த நடுக்கரை மட்டும்தான் தெரிந்தது.

"சொல்லுங்க சாமி!" என்று கத்தினார். "அக்கட்ட எடம் இருக்குதா? இக்கட்ட? எங்கியாச்சும் இருக்குதா?"

எங்கேயும் இல்லை. நான் ஓட்டைக்கு வெளியே பார்த்தேன். மாஸ்டர் தெரிந்தார். பொத்தான் பலகைமேல் குனிந்திருந்தார், கை பொத்தானில் இருந்தது. ஆனால் அவர் எங்களைப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய கலம் தறிகெட்டு வருகிறது, எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த மனிதர் மட்டும் கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஒடிக்கட்டுங்களா?"

"பொறுங்க."

"சாமி, பொழுதில்லீங்க!"

"பொறுங்க அங்கமுத்து! திருப்பாதீங்க!"

என் வாயிலிருந்து எப்படி அது வந்தது என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். தைரியம் எல்லாம் இல்லை. ஆனால் மாஸ்டர் கரையைப் பார்க்கிறார் என்றால், நாங்கள் எங்கே வந்து முட்டுவோம் என்ற கணக்கை அவர் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம். எங்களை இனிமேல் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் பேச்சைக் கேட்காத ஆட்களை எப்படிக் கேட்கவைப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையின் இடது கோடியில் முதல் குழி வெடித்தது. ஜனம் விசில் அடித்தது!

அடுத்த குழி. இது இன்னும் உள்ளே, மண் எழும்பிப்போய் ஆட்களின் தலையில் கொட்டியது. விசில் நின்றது. மூன்றாவது வெடித்ததும் இடதுபக்கம் இருந்தவர்கள் அலறிக்கொண்டு வலதுபக்கம் ஓட ஆரம்பித்தார்கள். மாஸ்டர் அவசரப்படவில்லை. ஒன்று வெடித்து, ஆட்கள் நகர்ந்தபிறகுதான் அடுத்தது. இடமிருந்து வலமாக, பட்டிக்கு மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்தியிருந்தால் ஜனம் நாலாபக்கமும் சிதறி, பாதிப் பேர் எங்களுக்கு முன்னாலேயே வந்து விழுந்திருப்பார்கள். எங்கள் பாதையில் இருந்த குழிகளை மட்டும் அவர் தொடவில்லை. தொட்டிருந்தால் அங்கமுத்துவின் சந்துக்குள் புழுதிதான் தெரிந்திருக்கும். வெடிக்காத அந்த மருந்துமேலேயே நாங்கள் ஏறிப்போனோம்.

நடுக்கரையில் பாவாயி எழுந்துவிட்டார். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலைக்குமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வலதுபக்கம் ஓடினார். அவருக்குப் பின்னால் ஒரு கிழவர் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். யாரோ ஒருத்தர் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார்.

"நேரா உடுங்க!" என்று கத்தினேன். "நேரா, நேரா, நேரா!"

பொரி மூட்டை, கூடை, செருப்பு எல்லாவற்றையும் நசுக்கிக்கொண்டு கலம் கரைமேல் ஏறியது. ஏறி, ஏறி, மூக்கு வானத்தைப் பார்த்து நின்று, ஒரு மூச்சு அப்படியே இருந்துவிட்டு, மெதுவாகப் பின்னால் உருண்டு நின்றது. அங்கமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

மேலேயிருந்து ரத்தினத்தின் குரல் வந்தது. "டேக் ஓகேங்களா?"

அவருக்கு ஒன்றுமே தெரியாது! படுபாவி, காட்சி பிரமாதமாகப் போகிறது என்று நினைத்துக் கடைசிவரை நடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அதற்குள் தகரத்தைப் பிய்த்து எங்களை இறக்கினார்கள். பாவாயி குழந்தையோடு ஓடிவந்து அங்கமுத்துவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "ஏனுங்க, ஒரு ஆரன் அடிச்சா என்னவாமா? ஓடி ஓடி எனக்கு உசுரே போச்சு!" என்றார். அங்கமுத்து அவரையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாஸ்டர் எங்களிடம் வரவில்லை. கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து, ஒவ்வொருவரையும் பார்த்து, அடிபட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். ஓர் அம்மாவுக்குக் கால் பிசகியிருந்தது. சிலருக்குக் கண்ணில் மண். அவ்வளவுதான். எல்லோரையும் பார்த்து முடித்தபிறகு ஒரு வேலமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோய், உள்ளே நடந்ததைச் சொன்னதும் கேட்டார்.

"அவனை ஏன் திருப்ப விடல?"

"உங்களப் பாத்தேன் மாஸ்டர். நீங்க எங்களப் பாக்கல."

முகத்தைக் கழுவிக்கொண்டார். "நான் பொத்தான் அழுத்தறதுக்கு முன்னால நீ என்னைப் பாக்காம இருந்திருந்தா?" என்றார்.

படம் என்ன ஆயிற்று என்பீர்கள். வெளிவந்தது, ஒரு வாரம் ஓடியது. காமிரா நிற்காமல் ஓடியிருந்ததால் அந்தக் காட்சியும் அதில் இருந்தது. ஆனால் கலம் சத்தமில்லாமல் வருவது நம்பும்படியாக இல்லை என்று, இன்ஜின் உறுமலும் இடியோசையும் சேர்த்து, வேகத்தையும் கூட்டிவிட்டார்கள். கரைமேல் ஓடிய ஜனத்தை வேற்றுக் கிரகத்து மக்கள் என்றார்கள். நாமக்கல்லில் ஒரு கொட்டகையில் நான் பார்த்தபோது எல்லோரும் சந்தோஷமாகக் கத்தினார்கள். நான் மட்டும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளைகளே, உங்கள் விளையாட்டில் நீங்கள் கொண்டுவரவேண்டியது இதைத்தான். நிறுத்த முடியாத ஒன்றுக்குள் நீ உட்கார்ந்திருக்கிறாய். உனக்குத் தெரிவது உள்ளங்கை அகலச் சந்து. வெளியே ஒருத்தன் உனக்காக ஏதோ செய்கிறானா இல்லையா என்று அவன் கழுத்து திரும்பியிருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்தபிறகு பொறுக்கவேண்டும். பொறுப்பதுதான் ரொம்பக் கஷ்டம். அதற்கு நீங்கள் எந்தப் பொத்தானும் வைக்கவில்லை. எப்படி வைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள், அது உங்கள் தொழில்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் சங்ககிரி ரோட்டில் ஒரு டீக்கடையில் அங்கமுத்துவைப் பார்த்தேன். எனக்காகவே காத்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. டீ சொன்னார். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு சொல்லோணுங்க. கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க."

"நீங்க பொறுங்கன்னீங்க. பொறுத்தேன். ரெண்டாவதா ஒருக்கா பொறுங்கன்னீங்க பாருங்க, அப்ப நான் கேக்கலீங்க. கை ஒடிக்க ஆரம்பிச்சிருச்சு. அதுக்குள்ள அக்கட்ட மொத வெடி வெடிச்சு, எல்லாரும் அந்தப் பக்கந் திரும்பவும், நானும் கைய நிறுத்திப்புட்டேன். ஒரு கண்ணு மூடித் தொறக்கற நேரம் தப்பியிருந்தாலும் நீங்க செத்திருப்பீங்க. மேல இருந்தவரும் செத்திருப்பாரு. அந்த மனுசன் பாட்டுப் பாடாத கொறையா வசனம் பேசிக்கிட்டு வாராரு. தெரிஞ்சேதான் ஒடிச்சேனுங்க. அங்க எங்கொழந்த கையாட்டிக்கிட்டு இருந்துச்சு."

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் குனிந்துகொண்டே கேட்டார்.

"என்னைய மன்னிச்சிருவீங்களா சாமி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கிளாசை பெஞ்சில் வைத்துவிட்டு அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"யோவ் அங்கமுத்து, என் உசுருக்காக நீ அந்தக் கொழந்த மேல நேரா விட்டிருந்தா, அப்பத்தான்யா நான் உன்ன மன்னிச்சிருக்க மாட்டேன்!"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, டீக்கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்க, சத்தம் போட்டு அழுதார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.